பிரித்தானியச் சிறு குற்றப்படங்களும் தமிழ் மர்மப் படங்களும்

பிரித்தானியச் சிறு குற்றப்படங்கள் என்பவை 1930கள் முதல் 1960களின் நடுப்பகுதி வரை பிரித்தானியாவில் குறைந்த செலவிலும் குறைந்த நாட்களிலும் எடுக்கப்பட்ட கொலை, கொள்ளை, துப்பறிதல் சார்ந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் ஆகும். பெரிய நட்சத்திரங்களோ பெரிய அரங்குகளோ இல்லாத இப்படங்கள் வெளியான காலத்தில் விமர்சகர்களால் பொருட்படுத்தப்படவில்லை. இன்று அவற்றைத் தேடிப் பார்ப்போர் பலர். தமிழிலும் இம்மரபின் தாக்கம் உண்டு. அந்த நாள் (1954), பொம்மை (1964), புதிய பறவை (1964) ஆகிய மூன்று தமிழ்ப் படங்களின் பின்னால் பிரித்தானியக் குற்றப்படங்களின் கதைக் கருக்கள் இருக்கின்றன. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1960களில் எடுத்த துப்பறியும் படங்கள் செலவுக் கணக்கிலும் தயாரிப்பு வேகத்திலும் இம்மரபுக்கு நெருக்கமானவை. இத்தகைய படங்களின் ஈர்ப்பு எதில் உள்ளது, அது தமிழுக்கு வந்தபோது எது தங்கியது, எது மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. படங்களின் முடிவுகளும் இங்கே பேசப்படுகின்றன.

பிரித்தானியாவில் தோன்றிய சூழல்

இப்படங்கள் பிறக்கக் காரணம் கலை ஆர்வம் அன்று, ஒரு சட்டம். அமெரிக்கப் படங்களின் ஆதிக்கத்தைக் கட்டுப்படுத்த 1927ஆம் ஆண்டு பிரித்தானிய அரசு திரைப்படச் சட்டம் ஒன்றை இயற்றியது. திரையரங்குகளும் விநியோகஸ்தர்களும் குறிப்பிட்ட விகிதத்தில் உள்நாட்டுப் படங்களைக் காட்டியாக வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அந்த விகிதம் பின்னர் 20 சதவீதம் வரை உயர்ந்தது. கணக்கைச் சரிக்கட்டுவதற்காக அவசர அவசரமாகப் படங்கள் எடுக்கப்பட்டன. இவற்றில் பெரும்பாலானவை மறக்கத்தக்கவை. ஆனால் பிற்காலத்தில் பெரும் இயக்குநராக அறியப்பட்ட மைக்கேல் பவல் போன்றோர் தொழில் கற்றுக்கொண்டது இப்படங்களில்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் பிரித்தானியத் திரையரங்குகளில் ஒரே சீட்டுக்கு இரண்டு படங்கள் காட்டும் வழக்கம் தொடர்ந்தது. முதன்மைப் படத்துக்கு முன் ஓடும் துணைப்படம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருக்கும். அந்த இடத்தை நிரப்பக் குற்றக்கதை வசதியாக இருந்தது. ஒரு பிணம், ஓர் அதிகாரி, நான்கைந்து பேர் இருந்தால் போதும். தெற்கு லண்டனில் இருந்த மெர்டன் பார்க் ஸ்டுடியோ இதில் தேர்ந்தது. எட்கர் வாலஸ் என்ற குற்றக்கதை எழுத்தாளரின் பெயரில் 1960 முதல் 1965 வரை அங்கு எடுக்கப்பட்ட வரிசை 40க்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டது. ஒவ்வொரு படமும் எட்கர் வாலஸின் மார்பளவுச் சிலை மெல்லச் சுழலும் காட்சியோடு தொடங்கும். தொலைக்காட்சி பரவி இரட்டைப் படக் காட்சி மறைந்ததும் துணைப்படமும் மறைந்தது.

ஈர்ப்பின் காரணங்கள்

இப்படங்களின் ஈர்ப்புக்குப் பழைய நினைவின் இனிமையை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. அந்தக் காலத்தையும் ஊரையும் அறியாத இளைஞரும் இவற்றில் ஒன்றிப் பார்க்கின்றனர். மூன்று காரணங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, சிக்கனம். ஒரு மணி நேரத்தில் கதை முடிய வேண்டும் என்பதால் தேவையற்ற காட்சிக்கு இடமில்லை. மேசையில் ஒரு தேநீர்க் கோப்பை காட்டப்பட்டால் அதற்குக் காரணம் இருக்கும். பார்வையாளர் இதை விரைவில் உணர்ந்துகொள்கிறார். ஒவ்வொரு பொருளையும் உற்றுப் பார்க்கத் தொடங்குகிறார். செலவு குறைந்த படம் பார்வையாளரின் கவனத்தைக் கூட்டுகிறது.

இரண்டாவது, உண்மையான இடங்கள். அரங்கு அமைக்கப் பணம் இல்லாததால் தெருவிலும் புகைவண்டி நிலையத்திலும் வாடகை வீட்டு மாடிப்படியிலும் படம் எடுத்தனர். போருக்குப் பிந்தைய லண்டனின் கடைப் பலகைகளும் இடிந்த சுவர்களும் பேருந்துகளும் அப்படியே பதிவாகின. அக்கால முதன்மைப் படங்களில் காணாத அன்றாட வாழ்க்கையை இவற்றில் காணலாம்.

மூன்றாவதே முக்கியமானது. இப்படங்களில் குற்றவாளி அரக்கன் அல்லன். வங்கிக் குமாஸ்தா, கடைக்காரர், விதவை, பக்கத்து வீட்டுக்காரர் என்று அறிமுகமான முகங்களே. பெரிய நட்சத்திரம் நடித்தால் அவர் கொலை செய்திருக்க மாட்டார் என்று பார்வையாளர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார். நட்சத்திரம் இல்லாத படத்தில் எல்லோரும் சமம். எவரும் கொலை செய்திருக்கலாம். சந்தேகம் எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதுதான் இவ்வகைப் படத்தின் உயிர்.

தமிழ்நாட்டுச் சூழல்

தமிழ் வாசகர்களுக்குக் குற்றக்கதை புதிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் ஆங்கில நாவல்களின் போக்கில் துப்பறியும் நாவல்களை எழுதிப் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றிருந்தனர். வடுவூராரின் மேனகா 1935இலும் திகம்பர சாமியார் 1950இலும் திரைப்படங்களாயின. பின்னர் கல்கண்டு இதழில் தமிழ்வாணன் படைத்த சங்கர்லால் தமிழில் மிகவும் அறியப்பட்ட துப்பறிவாளர் ஆனார்.

இருப்பினும் சிறு குற்றப்படத்துக்குத் தமிழ்த் திரையரங்கில் தனி இடம் இருக்கவில்லை. இங்கு ஒரு காட்சிக்கு ஒரு படம்தான். சீட்டு வாங்கியவர் இரண்டரை மணி நேரமாவது படம் ஓட வேண்டும் என்று எதிர்பார்த்தார். பாட்டு, நகைச்சுவை, சண்டை, கண்ணீர் எல்லாம் அதற்குள் வேண்டும். காஞ்சிபுரம், ஆரணி, சேலம் போன்ற நெசவூர்களில் நாள் முழுதும் தறிக்குழியில் உட்கார்ந்தவர் இரவுக் காட்சிக்கு வந்தால், கொடுத்த காசுக்கு முழு நிறைவை விரும்பியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிற்றூர்களின் டூரிங் டாக்கீஸ்களில் ஒரே படக்கருவி இருந்ததால் ரீல் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும். ஒரு மணி நேரப் புதிரை மூச்சுவிடாமல் சொல்லும் வகை அங்கே இயல்பாகப் பொருந்தாது.

ஆகவே தமிழில் குற்றப்படம் எடுத்தவர்கள் முன் ஒரு கேள்வி நின்றது. சிறிய கதையை நீண்ட படமாக்கும்போது அதன் இறுக்கத்தை எப்படிக் காப்பது? கீழே பேசப்படும் படங்கள் இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகளைத் தந்தன.

அந்த நாள்: ஒரே வீடு

ஏவிஎம் தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய அந்த நாள் 1954 ஏப்ரலில் வெளிவந்தது. பாலசந்தர் வீணைக் கலைஞராகப் புகழ்பெற்றவர். ஆயினும் தாம் இயக்கிய இப்படத்தில் ஒரு பாட்டுகூட வைக்கவில்லை. நடனமும் சண்டையும் இல்லை. ஜாவர் சீதாராமன் கதை வசனம் எழுதி, துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக நடித்தார்.

1943இல் சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு வீசிய சூழலில் கதை தொடங்குகிறது. வானொலிப் பொறியாளர் ராஜன் சுடப்பட்டு இறந்து கிடக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி ஆகிய ஐவரும் விசாரிக்கப்படுகின்றனர். ஒவ்வொருவர் வாக்குமூலமும் வேறொரு ராஜனைக் காட்டுகிறது. இப்படம் அகிரா குரோசாவாவின் ரஷோமோன் (1950) படத்தோடு ஒப்பிடப்படுவது வழக்கம். கதையமைப்பில் இதற்கு இன்னும் நெருக்கமானது அந்தோனி ஆஸ்க்வித் இயக்கிய தி வுமன் இன் குவெஸ்டியன் (1950) என்ற பிரித்தானியப் படம். அதில் கடற்கரை ஊர் ஒன்றில் குறி சொல்லும் பெண் கொலையுண்டு கிடக்கிறாள். அவளை அறிந்த ஐவர் ஐந்து விதமாகச் சொல்கின்றனர். ஒருவர் பார்வையில் கண்ணியமானவள், இன்னொருவர் பார்வையில் குடிகாரி.

தமிழ்ப் படம் இந்த அமைப்பை எடுத்துக்கொண்டது. ஆனால் குற்றத்தின் தன்மையை மாற்றியது. மூலத்தில் கொலை அந்தரங்க விவகாரம். அந்த நாளில் கொலையுண்டவன் எதிரி நாட்டுக்கு உதவிய தேசத்துரோகி. அவனைச் சுட்டது அவன் மனைவி உஷா. பண்டரிபாய் ஏற்ற இப்பாத்திரம் அக்காலத் தமிழ்ப் படங்களில் அரிதானது. கணவனுக்குக் கட்டுப்படுவதே மனைவியின் அறம் என்று திரும்பத் திரும்பச் சொன்ன திரையுலகில், கணவனின் குற்றத்தை எடைபோடும் மனைவியை இப்படம் காட்டியது. ராஜனும் வெறும் வில்லன் அல்லன். தன் ஆராய்ச்சிக்கு அரசு ஆதரவு கிடைக்காத கசப்பில் வழிமாறியவன். சிவாஜி கணேசன் இத்தகைய பாத்திரத்தை ஏற்று, தொடக்கக் காட்சியிலேயே பிணமாகக் கிடந்தது துணிச்சலான முடிவு. நட்சத்திரம் இருந்தால் சந்தேகம் சமமாக விழாது என்ற சிக்கலை, நட்சத்திரத்தையே கொலையுண்டவராக்கிப் படம் கடந்துவிட்டது.

படத்தின் பெரும்பகுதி ஒரு வீட்டைச் சுற்றியே நிகழ்கிறது. அதே கூடம் ஒவ்வொரு வாக்குமூலத்திலும் வேறு ஒளியில், வேறு கோணத்தில் வருகிறது. புதிய அரங்குகளுக்குச் செலவிடாமல் இருந்த இடத்தையே புதிதாகப் பார்க்க வைத்தது சிறு குற்றப்பட மரபின் சிறந்த பாடம். படம் முதல் வெளியீட்டில் வணிக வெற்றி பெறவில்லை. தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றது.

பொம்மை: ஒரே பொருள்

பத்தாண்டுகளுக்குப் பின் பாலசந்தர் தாமே தயாரித்து, இயக்கி, இசையமைத்து, நடித்த படம் பொம்மை. தொழில் கூட்டாளியைக் கொல்லத் திட்டமிடுவோர் பொம்மை ஒன்றுக்குள் வெடிகுண்டு வைக்கின்றனர். அந்தப் பொம்மை வாடகைக் காரில் தவறிப்போய்ச் சென்னை நகரில் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறுகிறது. ஹிட்ச்காக்கின் சபோட்டாஜ் (1936) படத்தில் ஒரு சிறுவன் வெடிகுண்டு என்று அறியாமல் ஒரு பொட்டலத்தைச் சுமந்து லண்டன் தெருக்களில் நடந்து, பேருந்தில் ஏறுகிறான், குண்டு வெடித்துவிடுகிறது. சிறுவனைச் சாகவிட்டது தவறு என்று ஹிட்ச்காக் பின்னாளில் ஒப்புக்கொண்டார். பொம்மை படம் இந்தப் பதற்றத்தின் விதையை எடுத்து, ஒரு காட்சியாக இருந்ததை முழுப் படமாக்கியது.

இங்கே யார் குற்றவாளி என்ற கேள்வி இல்லை. அது முன்பே தெரியும். கையில் இருப்பது என்ன என்று அறியாதவர்களைப் பார்க்கும்போது எழும் அச்சமே படத்தை நகர்த்துகிறது. நகரத்தில் ஒருவரை ஒருவர் அறியாத மக்கள் ஒரு பொருளால் இணைக்கப்படுகின்றனர். பாட்டும் நகைச்சுவையும் இருந்தும் இறுக்கம் குலையாததற்குக் காரணம் பார்வையாளரின் மனம் பொம்மையை விட்டு விலகாததே. காஞ்சிபுரம் பட்டுச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் நெய்யப்பட்டுக் கோர்வையால் இணைக்கப்படும். கோர்வை உறுதியாக இருந்தால் இரண்டும் ஒரே துணியாகும். பொம்மையில் பாட்டும் கதையும் இணைந்த விதம் அத்தகையது. படத்தின் முடிவில் கலைஞர்களையும் தொழில்நுட்பப் பணியாளர்களையும் இயக்குநர் திரையில் தோன்றி அறிமுகப்படுத்துவது குறிப்பிடத்தக்க புதுமை. கே. ஜே. யேசுதாசின் குரல் தமிழ்த் திரையில் முதலில் ஒலித்ததும் இப்படத்தில்தான்.

புதிய பறவை: நட்சத்திரத்தின் விலை

சிவாஜி கணேசனின் சொந்தத் தயாரிப்பில் தாதா மிராசி இயக்கிய புதிய பறவை வண்ணப் படம். செலவில் சிறியது அன்று. ஆனால் அதன் வேர் மைக்கேல் ஆண்டர்சன் இயக்கிய சேஸ் எ குரூக்கட் ஷேடோ (1958) என்ற ஒன்றரை மணி நேரத்துக்குட்பட்ட கறுப்பு வெள்ளைப் படத்தில் உள்ளது. அதிலிருந்து வங்காளத்தில் சேஷ் அங்கா (1963) வந்தது. அதன் தழுவலே தமிழ்ப் படம்.

மூலத்தில் ஒரு செல்வப் பெண்ணின் வீட்டுக்கு, இறந்துபோன அவள் சகோதரன் தானே என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வருகிறான். அவனைப் பொய்யன் என்று மெய்ப்பிக்க முடியாமல் அவள் தவிக்கிறாள். இறுதியில் உண்மை தலைகீழாகிறது: வந்தவன் காவல்துறையின் ஏற்பாடு, குற்றவாளி அவளே. தமிழில் அந்த இடத்தில் கோபால் நிற்கிறான். இறந்த மனைவி சித்ரா என்று ஒருத்தி வந்து நிற்கிறாள். முடிவில் மனைவி தன் கையால் இறந்ததைக் கோபால் ஒப்புக்கொள்ள, காதலி லதா உட்பட எல்லோரும் காவல்துறையினர் என்று தெரிகிறது.

திருப்பம் தமிழிலும் வலுவாகவே இருக்கிறது. சௌகார் ஜானகி, எம். ஆர். ராதா, சரோஜா தேவி ஆகியோரின் நடிப்பும் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையும் படத்தை நிலைக்கச் செய்தன. ஆயினும் ஒரு மாற்றத்தை மாணவர் கூர்ந்து நோக்க வேண்டும். நாயகன் திட்டமிட்டுக் கொல்வதை நட்சத்திரப் படம் தாங்காது. ஆகவே குடும்ப மானத்தைக் குலைத்த மனைவியைக் கோபத்தில் அறைகிறான். பலவீனமான இதயம் கொண்ட அவள் இறக்கிறாள். விபத்தென்று காட்ட உடலை அவன் தண்டவாளத்தில் இடுகிறான். பார்வையாளரின் இரக்கம் அறைந்தவனுக்கே போய்ச் சேருமாறு காட்சிகள் அடுக்கப்பட்டுள்ளன. இறந்த பெண்ணுக்காகக் கண்ணீர் சிந்தப் படத்தில் ஆளில்லை. பத்தாண்டுகளுக்கு முன் அந்த நாள் மனைவியின் கையில் கொடுத்த தீர்ப்பை, புதிய பறவை கணவனின் கண்ணீரில் கரைத்துவிட்டது. கலை நயத்தில் குறையாத இப்படத்தின் அறச் சிக்கல் இதுவே.

மாடர்ன் தியேட்டர்ஸ்: தொழிற்சாலை ஒழுங்கு

டி. ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நூல் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த அவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றவர். ஆலை நடத்துவது போன்ற கட்டுப்பாட்டோடு அவர் படம் எடுத்தார் என்பது திரையுலகில் நிலைத்த பெயர். 1963இல் அவர் மறைந்தபின் நிறுவனம் துப்பறியும் படங்களின் பக்கம் மிகுதியாகத் திரும்பியது. வல்லவனுக்கு வல்லவன் (1965), இரு வல்லவர்கள் (1966), வல்லவன் ஒருவன் (1966), சி.ஐ.டி. சங்கர் (1970), கருந்தேள் கண்ணாயிரம் (1972) ஆகியவை அவ்வரிசையில் அடங்கும். இவற்றில் முதல் படம் தவிர்த்த மற்றவற்றில் ஜெய்சங்கர் நாயகன். 1965இல் இரவும் பகலும் படத்தில் அறிமுகமான அவருக்குத் தென்னக ஜேம்ஸ்பாண்ட் என்ற பட்டம் இப்படங்களால் வந்தது.

இவற்றின் கதைகள் பல இந்திப் படங்களிலிருந்தும் பிறநாட்டு உளவுப் படங்களிலிருந்தும் எடுக்கப்பட்டவை. வேதாவின் இசையில் இந்தி மெட்டுகள் தமிழ்ச் சொற்களோடு ஒலித்தன. ஆர். எஸ். மனோகர், எஸ். ஏ. அசோகன் போன்ற பழகிய முகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஸ்டுடியோ ஏற்காடு மலையடிவாரத்தில் இருந்ததால் துரத்தல் காட்சிக்கு மலைப்பாதை கைக்கெட்டும் தொலைவில் இருந்தது.

நோக்கத்தில் இவை பிரித்தானியச் சிறு படங்களுக்கு நேர்மாறானவை. அவை அன்றாட வாழ்க்கையைக் காட்டின; இவை ஜேம்ஸ்பாண்டின் செல்வக் கனவைச் சிக்கனச் செலவில் காட்ட முயன்றன. இரகசியக் கதவு, சுழலும் சுவர், விளக்குகள் மின்னும் கருவி, இரவு விடுதி நடனம் ஆகியவை அட்டையும் வண்ணமும் கொண்டு உண்டாக்கப்பட்டன. அவை பொய் என்று பார்வையாளருக்குத் தெரியும். தெரிந்தும் அந்த விளையாட்டில் சேர்ந்துகொண்டனர். சிறுவர் நாடகத்தில் மரக்கத்தியை வாளென்று ஏற்பது போன்ற உடன்பாடு அது. பெரிய ஊர் பார்க்காத பார்வையாளருக்கு விமானமும் விடுதியும் உளவும் கொண்ட நவீன உலகை முதலில் காட்டியவற்றுள் இப்படங்களும் உண்டு.

தழுவல் என்ற குற்றச்சாட்டு

இப்படங்களை வெறும் நகல் என்று ஒதுக்குவோர் உண்டு. மூலத்தைக் குறிப்பிடாமல் எடுத்தாள்வது நேர்மையன்று. அதை நியாயப்படுத்த இயலாது. ஆனால் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதோடு விமர்சனம் நின்றுவிடக் கூடாது. எடுத்ததை என்ன செய்தார்கள் என்பதே அடுத்த கேள்வி. அந்த நாள் ஓர் அந்தரங்கக் கொலையை நாட்டுப்பற்றுக்கும் குடும்பப் பற்றுக்கும் இடையிலான மோதலாக்கியது. பொம்மை ஒரு காட்சியின் பதற்றத்தை ஒரு நகரத்தின் கதையாக்கியது. இவை படைப்புச் செயல்கள். திருப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாத்திரங்களைப் பொருட்படுத்தாத தழுவல்கள் மறக்கப்பட்டதும் இதே காரணத்தால்தான்.

இவற்றின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. இரவு விடுதிப் பெண்ணைக் கெட்டவளாகவே காட்டும் பழக்கம், காவல்துறை ஒருபோதும் தவறு செய்யாது என்ற நம்பிக்கை, கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் வாயால் விளக்கிவிடும் அவசரம் ஆகியவை இரு நாட்டுப் படங்களிலும் மலிந்திருந்தன.

மதிப்பீடு

சிறு குற்றப்படத்தின் வலிமை பற்றாக்குறையிலிருந்து வருகிறது. பணம் இல்லாதபோது இயக்குநர் ஒரு வீட்டையோ ஒரு பொருளையோ ஒரு முகத்தையோ முழுமையாகப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. பணமும் நட்சத்திரமும் சேரும்போது படம் அழகாகலாம். ஆனால் எவர்மீதும் சந்தேகம் விழலாம் என்ற சமத்துவம் குறைந்துவிடுகிறது. தமிழில் இம்மரபு முற்றிலும் மறையவில்லை. கார்த்திக் நரேன் இயக்கிய துருவங்கள் பதினாறு (2016) சிறிய செலவில், இரண்டு மணி நேரத்துக்குள், ஓர் இரவின் நிகழ்ச்சியைப் பல கோணங்களில் காட்டி வரவேற்பைப் பெற்றது. அந்த நாள் தொடங்கிய பாதையை அதில் தெளிவாகக் காணலாம்.

திரைப்படம் பயிலும் மாணவர் அந்த நாளையும் புதிய பறவையையும் அவற்றின் மூலப்படங்களோடு அடுத்தடுத்துப் பார்ப்பது பயன் தரும். நான்கு படங்களையும் பார்த்தபின் யார் கொன்றது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும். கொன்றவரை மன்னிக்கும்படி எந்தப் படம் கேட்கிறது, எது கேட்கவில்லை, ஏன் என்பதே அப்போது விடை தேட வேண்டிய புதிராக எஞ்சும்.